பைபிள் உறைக்குள் மாத்திரை

பட்டாபிராமில் எங்கள் சபை ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் கூடுகிறது. பதினெட்டுப் படிகள். ஒரு ஞாயிறு காலை ஒன்பதாவது படியில் நின்றுவிட்டேன், மூச்சு ஏறவில்லை. மூன்று வாரமாக விடாத இருமல், மாலையானால் காய்ச்சல். சென்னை பாடியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் தூசிதான் காரணம் என்று சொல்லித் திரிந்தேன். சபையில் பாட்டு நடத்துபவன் நான். அன்று இரண்டாவது சரணத்தில் இருமியபோது கைக்குட்டையில் ரத்தம் இருந்தது.

சளிப் பரிசோதனையில் (இருமலில் வரும் சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) காசநோய் என்று தெரிந்தது. அரசு மருத்துவமனை டாக்டரம்மா கண்டிப்பானவர். "ஆறு மாசம். ஒரு நாள்கூட விடக் கூடாது. நடுவுல விட்டீங்கன்னா மருந்துக்கு அடங்காத கிருமியா திரும்பி வரும்" என்றார்.

"நாங்க ஜெபம் பண்றவங்க மேடம்."

"தாராளமா பண்ணுங்க. மாத்திரையப் போட்டுட்டுப் பண்ணுங்க."

இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது சளியில் கிருமி இல்லை. இன்னும் நான்கு மாதம் மாத்திரை பாக்கி. ஆனாலும் மகிழ்ச்சி தாங்கவில்லை. அந்த ஞாயிறு சாட்சி நேரத்தில் (கர்த்தர் செய்த நன்மையை எல்லார் முன்னும் சொல்லும் நேரம்) எழுந்து நின்று, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்றேன். அதுவரை பொய் இல்லை.

பாஸ்டர் உற்சாகமாகி மைக்கிலேயே கேட்டார்: "மருந்து மாத்திரை எல்லாத்தையும் விட்டுட்டீங்களா பிரதர்?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆமென்று நான் தலையை ஆட்டினேன். அல்லேலூயா என்ற சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கிரேஸ் கேட்டாள். "எதுக்குங்க தலைய ஆட்டுனீங்க?"

"தேவனுக்கு மகிமையா இருக்கட்டுமேன்னுதான்."

"தேவனுக்கா, உங்களுக்கா?"

மறுநாளிலிருந்து மாத்திரைக்கு ஒளிவிடம் தேட வேண்டியதாயிற்று. ஜெபத்துக்கு ஆட்கள் வந்துபோகும் வீடு. கடைசியில் பைபிள் உறையின் ஜிப் பைக்குள் வைத்தேன்; அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். இந்த மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் (மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம்). சபைக் கழிப்பறையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வெளியே வருவேன். நாற்பத்தாறு வயதில், ஒளிந்து பீடி குடிக்கும் பள்ளிக்கூடப் பையனின் பிழைப்பு.

காலையில் ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வராது. பைபிளைத் திறந்தால் மாத்திரை அட்டை சரசரக்கும். உடம்பு தேறிக்கொண்டே வந்தது. ஆண்டவரிடம் பேச மட்டும் எனக்கு முகமில்லை.

ரோசி அக்காவும் எங்கள் சபைதான்; ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர். பத்து வருடமாகச் சர்க்கரை. நான் தலையாட்டிய ஞாயிறு, வீட்டுக்குப் போய் மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டிருக்கிறார். எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் செருப்பு கடித்த புண் கேங்கரின் ஆகிவிட்டது (ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிப்போவது). இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலைக் காட்டி அவரே எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் பேசினார். "உனுக்கு கீற விசுவாசம் எனுக்கு இல்ல தம்பி. அதான் ஆண்டவரு என்னியத் தள்ளிட்டாரு."

நான் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டு வந்துவிட்டேன். ஆம், வாசித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கை கூசுகிற வரி இதுதான்.

ஐந்தாம் நாள் மறுபடி போனேன். பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து அவர் கட்டிலில் வைத்தேன்.

"அக்கா, நான் ஒரு நாளும் மாத்திரைய விடல. சபையில பொய்யா தலைய ஆட்டுனேன்."

அவர் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்போ ஆண்டவரு என்னியத் தள்ளலியா?" என்று கேட்டு அழுதார்.

"இல்லக்கா. தப்பு என்னோடது."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? அங்க மைக்குல தானே தலைய ஆட்டுன? அங்கயே போய்ச் சொல்லு."

சொன்னேன். சாட்சி என்று அதே மைக்கைப் பிடித்து, நான் சொன்னது பொய்ச்சாட்சி என்றேன். அல்லேலூயா யாரும் சொல்லவில்லை. பாஸ்டர் என்னிடமிருந்து மைக்கை வாங்கி, "அப்படிக் கேட்டதே என் தப்பு" என்றார். பாட்டு நடத்துவதை நானே விட்டுவிட்டேன்.

என்னைப்போல் மாத்திரையும் ஜெபமுமாக நாளை ஓட்டுபவர்கள் இதை வாசித்தால், ஒன்று சொல்வேன். மாத்திரையை எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சாப்பாட்டு மேசைக்கு வந்த காலையில்தான், பல வாரம் கழித்து, என்னால் வாய்விட்டு ஜெபிக்க முடிந்தது. முதலில் வந்த வார்த்தை மன்னியும் என்பதுதான். இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

ஆறு மாதம் முடிந்தது. நோய் போய்விட்டது. இப்போது என் மூச்சுக்குப் பதினெட்டுப் படி ஒன்றுமே இல்லை, இரண்டிரண்டாகத் தாவலாம். ரோசி அக்கா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுகிறார். ஒன்பதாவது படியில் கைப்பிடியைப் பிடித்து நிற்பார்.

"மாத்திர போட்டுக்கினுதான் வந்தேன். நீ இன்னாத்துக்கு பின்னாடியே நிக்கிற? முன்னாடி போயேன்" என்பார்.

நான் போவதில்லை.