வேறொருவரும் பார்க்க வேண்டும்

தேக்கா உணவங்காடியில் மதிய நேரத்துக் கூட்டம். வேறு இடமில்லாமல், நரைத்த தாடி வைத்த ஒரு மனிதரின் எதிரே உட்கார்ந்தேன். அவருடைய மடிக்கணினியில் ஏதோ ஒரு தொலைதூர விண்மீன் திரளின் இரண்டு படங்கள் மாறி மாறி வந்தன. பழைய படத்தில் இல்லாத வெள்ளைப் புள்ளி ஒன்று புதியதில் இருந்தது.

“வெடிச்ச நட்சத்திரம். சிலியில உள்ள டெலஸ்கோப் எடுத்தது, அங்க இப்ப ராத்திரி லா. அது செத்து எத்தனையோ கோடி வருஷம் ஆச்சு, வெளிச்சம் இப்பதான் வந்து சேருது.”

“அப்ப கண்டுபிடிச்சிட்டீங்க!”

“நான் மட்டும் பார்த்தா செல்லாது. வேற ஒருத்தரும் பார்த்து ஆமான்னு சொல்லணும். அதுவரைக்கும் கேமரா கோளாறாக்கூட இருக்கலாம்.”

பேச்சுக்கு நடுவே அடிக்கடி என் பின்னால் பார்ப்பார். கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்ப்பார்.

“அந்தத் தூண் பக்கத்துல யாராச்சும் உட்கார்ந்திருக்காங்களா?” என்று மெல்லக் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். “ஆமா, பச்சைச் சேலை கட்டின அம்மா. நம்மளத்தான் பாக்குறாங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “இதுவரைக்கும் கேட்ட எல்லாரும் யாருமில்லைன்னாங்க. என் கண்ணுலதான் கோளாறுன்னு நிம்மதியா இருந்தேன்” என்றபடி எழுந்து போனார்.

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. அந்த அம்மாவைத்தான் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.