ஆடுமாடு என்று ஒரே சொல்லாய் எழுதிவிட்டேன்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு போன்.

"சேர், பத்தி எழுதுற ஆள்தானே? நான் வெல்லாவெளியில இருந்து கதைக்கிறன். என்ட செம்மறி ஆறு செத்துட்டு. நீங்க எழுதின பொடியத்தான் குடுத்தன்... அளவு கூடிட்டோ எண்டு கேக்கத்தான் எடுத்த."

ஆள் யார், என்ன நடந்தது என்று விசாரித்தேன்.

பெயர் புவனேஸ்வரி. இந்தப் பத்தியை ஒரு கிழமையும் விடாமல் வாசிப்பவராம். இரண்டு போகம் வெள்ளாமை வெள்ளத்தோடு போனபிறகு, இனி வயல்வட்டையை நம்பி வயிறு கழுவ முடியாது என்று செம்மறி வளர்க்கத் தொடங்கியவர். மொத்தம் பதினொன்று. அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அப்படி நான் என்னதான் எழுதினேன்?

இரண்டு மாதத்துக்கு முன்னர், என் கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டுக்காகக் கிளினிக்கில் காத்திருந்தபோது போனில் ஒரு கட்டுரை அகப்பட்டது. செம்பு, நாகம், குரோமியம் போன்ற தாதுக்கள் மிருகங்களின் உடம்பில் கொழுப்புச் சேரும் விதத்தையே மாற்றுமாம். இறைச்சியும் நல்ல சிவப்பாக நிற்குமாம். பாதி வாசிப்பதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை வாசித்தேனா? இல்லை. ஆனால் அந்தக் கிழமைப் பத்திக்கு விஷயம் கிடைத்துவிட்டதே! 'ஆடுமாடுகளுக்குத் தாதுப்பொடி கொடுத்துப் பாருங்கள், கொழுப்பு இல்லாமல் போகும் - என்னைப்போன்ற கொலஸ்ட்ரோல்காரரும் பயமில்லாமல் ஒரு பிடி பிடிக்கலாம்' என்று பகிடியாக எழுதி முடித்தேன்.

ஆடுமாடு... நமக்கு அது ஒரே சொல். சட்டிபானை மாதிரி சேர்ந்தே வாயில் வரும். அதைப் பிரித்துப் பார்த்தா எழுதுகிறோம்?

புவனேஸ்வரி போன கடையில் மாட்டுப்பொடிதான் இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் எல்லாரும் வளர்ப்பது மாடு. மாட்டுக்கு நாலு கரண்டி என்றால் ஆட்டுக்கு ஒரு கரண்டி என்று அவரே யோசித்து, தினமும் தவிட்டில் கலந்து வைத்திருக்கிறார். என் எழுத்தை நம்பித்தான்.

அடுத்த நாளே பஸ் ஏறிப் போனேன். மிருக வைத்தியர் எனக்கு முன்னமே வந்திருந்தார். எஞ்சிய ஐந்தும் கொட்டிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றின் கண் மஞ்சள். அது பெய்த மூத்திரம் பால் விடாத பிளேன்டீ நிறம்.

"அளவில பிழை இல்ல, பொடிதான் பிழை" என்றார் வைத்தியர். "மாட்டுப்பொடியில செம்பு கூடவா இருக்கு. மாடு தாங்கும். செம்மறி தாங்காது. ஈரலில சேர்ந்து சேர்ந்து கிடந்து, திடீரெண்டு ஒரு நாளைக்கு ரத்தத்துக்குள்ள கொட்டும். மருந்து தாறன். ஆனா இதுகள் பயந்தாலோ, லொறியில ஏத்தினாலோ என்ன நடக்குமெண்டு சொல்லேலாது."

பொடி கொடுக்கச் சொல்லிப் பத்திரிகையில் எழுதிய மகான் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

வைத்தியர் போய்க் கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். ஆட்டு வியாபாரி. இப்படிப்பட்ட செய்தி இவர்களுக்கு எப்படித்தான் எட்டுகிறதோ!

"அஞ்சையும் தந்திருங்க அக்கா. இண்டைக்கே அறுத்தா ஆருக்கும் ஒண்டும் தெரியாது."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொடுத்துவிடட்டும் என்றுதான் என் மனம் நினைத்தது. அவருக்கு ஏதாவது கையில் மிஞ்சினால் என் பாரம் குறையும் அல்லவா? வெட்கம்தான். ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

புவனேஸ்வரி கொட்டில் படலையை இழுத்துச் சாத்தினார்.

"ஈரல்ல நஞ்சு கிடக்கெண்டு டொக்டர் இப்பதான் சொல்லிட்டுப் போறார். ஆர்ர புள்ளைக்கோ அது கறியாப் போகணுமா? செத்தா நான் குழி வெட்டித் தாக்கிறன். நீங்க போங்க."

வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே போனான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எந்த வாயால் கேட்பது? ஒருவழியாகக் கேட்டபோதும், "நீங்க வேணுமெண்டா எழுதின சேர்?" என்று தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

இதை எழுதும்போது மறுபடியும் அவருடைய போன். அந்த மஞ்சள் கண் ஆடும் போய்விட்டது. வைத்தியர் வந்து வெட்டிப் பார்த்தாராம்.

"உள்ளுக்குக் கொழுப்பே இல்ல சேர். நீங்க எழுதினது சரிதான்."

குத்திக் காட்டவில்லை. அந்த மனுசி மெய்யாகவே அப்படித்தான் நம்புகிறார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

கொழுப்பு ஆட்டுக்கு இல்லை... அரைகுறையாய் வாசித்து ஊருக்குப் புத்தி சொன்ன எனக்குத்தான்.