மடைக்குழி விலாங்கு

பேத்தி சுவரில் ஒட்டிய படத்தில், முதுகெலும்புள்ள பிராணிகளை ஐந்து வரிசையாகப் பிரித்திருக்கிறார்கள். மீன் வரிசையில் விலாங்கும் இருக்கிறது. அதைப் பார்த்ததும், சேரன்மாதேவியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது மூடி எஸ்.டி.டி. பூத் கட்டிவிட்ட மடைக்குழியின் சேற்று வாடை வந்தது. வாய்க்கால் தண்ணீர் ஓயாமல் விழும் அந்தக் குழியில் அம்மா பொழுது சாய மூங்கில் பறி வைப்பாள், விடியலில் அந்தக் கூடைக்குள் விலாங்கு வழுக்கி நெளியும், சாம்பல் போட்டுப் பிடித்து அரிந்து குழம்பு வைப்பாள், அந்த மணம் கையில் இருக்கவே நான் பள்ளிக்கூடம் போவேன்.

"ஏட்டி பாம்பு தின்னி, அங்கன தள்ளி உக்காரு" என்பாள் பக்கத்து வீட்டுச் செல்லம். அவள் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். செதில் இல்லாததெல்லாம் பாம்பாம். மூன்றாம் வகுப்பு முழுக்கத் தனியாகவே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாளே ஒருநாள் எங்கள் புறவாசலில் வந்து பைய நின்றாள்.

"ஏளா, எங்க வீட்டுக்காரருக்கு மூலம் பாடாப் படுத்துது. அந்த மீனு ரெண்டு துண்டு இருந்தா குடேன்."

மருந்துக்கு வேண்டுமென்றால் மட்டும் அது மீன். அம்மா சிரித்துக்கொண்டே சட்டியோடு எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாளும் செல்லம் என்னைத் தள்ளித்தான் உட்காரச் சொன்னாள்.