வாயால சொல்லுங்க

பேசாதவர்களோடு பேசாமல் உட்காரத் தெரிந்தவள் தோங்கா அக்கா. எனக்கு அது வராது. நான் இஸ்க்ரா, அதே வார்டில் அவளுக்கு அடுத்த நர்ஸ். நோயாளி ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு கூடை பேசிவிடுவேன் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். கேலி என்ன, உண்மைதான்.

எங்களுடையது பெண்கள் மனநல வார்டு. ஜன்னலைத் திறந்தால் டான்யூப் ஆறு தெரியும். ஊரில் இப்போது தெரிவதற்கு வேறு அதிகமில்லை. இளசுகள் எல்லாம் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். பேருந்து நிலையச் சுவரில் இரண்டு வகைக் காகிதம்தான் ஒட்டியிருக்கும். ஒன்று வெளிநாட்டுப் பேருந்துகளின் நேரம், இன்னொன்று செத்தவர்களின் படம் போட்ட அறிவிப்பு. யார் யார் எப்படிப் போனார்கள் என்று அங்கே நின்றாலே தெரிந்துவிடும்.

தோங்கா அக்காவுக்குக் கணவர் இல்லை. பிள்ளையும் இல்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புத்தாண்டு என்று யாருக்கு எந்த நாளில் லீவு வேண்டுமென்றாலும் அவளிடம் போய் நிற்பார்கள். "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன். வீட்டுல என்னை டிவிதான் தேடும்" என்பாள். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். நல்லா இருக்கீங்களாக்கா என்று கேட்டால், ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். ஒரு நாளும் அதற்கு வாயைத் திறந்து பதில் சொன்னதில்லை.

புதிதாக யாராவது வந்தால் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலின் பக்கவாட்டில் போடுவாள்.

"எதிர்ல உட்கார்ந்தா போலீஸ்காரி. பக்கத்துல உட்கார்ந்தா சொந்தக்காரி" என்பாள் என்னிடம்.

உட்கார்ந்து ஆப்பிள் தோலைச் சீவுவாள். கை சீவிக்கொண்டிருக்க, கண் மற்றதையெல்லாம் பார்க்கும். தலைமுடி கழுவி எத்தனை நாளிருக்கும், நகம் எப்படியிருக்கிறது, தட்டில் எது தொடாமல் கிடக்கிறது, போன வாரம் இடுப்பில் நின்ற பாவாடை இந்த வாரம் ஏன் நழுவுகிறது. பிறகு கேட்பாள். விடியும் முன்பே விழிப்பு வருகிறதா? காலையில் அதிகக் கஷ்டமா, சாயங்காலமா? எல்லாம் தன்னால்தான் கெட்டது என்று தோன்றுகிறதா? கடைசியில், குரலை மாற்றாமல், பால் வேண்டுமா என்று கேட்பது போலவே, சாகணும்னு தோணுதா என்று கேட்டுவிடுவாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காக அவளோடு சண்டைக்கே போயிருக்கிறேன்.

"எரியற நெருப்புல எண்ணெய ஊத்தறீங்களேக்கா."

"கேக்கறதால யாருக்கும் அந்த நெனப்பு வராது இஸ்க்ரா. ஏற்கெனவே வந்தவளுக்கு, கேக்க ஒரு ஆள் இருக்குன்னு தெரியும். அவ்வளவுதான்."

நோய் முற்றியவர்களுக்கு வாயைத் திறப்பது மூட்டை தூக்குவது போல. தலையைத்தான் ஆட்டுவார்கள், அதையும் லேசாக. எங்கள் ஊரில் தலையை மேலும் கீழும் அசைத்தால் இல்லை. இடமும் வலமும் அசைத்தால் ஆமாம். மற்ற நாட்டுக்காரர்கள் இதை மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. தலையணையில் அரை விரல் அளவு அசையும் தலையைக்கூட அக்கா படித்துவிடுவாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவளும் இல்லை. அப்படிப்பட்டவள் வெனெத்தாவிடம் ஏமாந்தாள். நாங்கள் எல்லோருமே ஏமாந்தோம்.

குடைமிளகாய் சுடும் வாசனை தெருவெல்லாம் அடிக்கும் காலத்தில் வெனெத்தாவைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டிவந்தார். பதினான்கு வருடம் இத்தாலியில், பொலோன்யா நகரத்தில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டவள். அந்தக் காசில் இங்கே வீட்டுக்குப் புதுக்கூரை, வெள்ளை ஓடு பதித்த குளியலறை எல்லாம் ஆயிற்று. கிழவி இறந்ததும் திரும்பி வந்தாள். கணவன் காமென் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். கதவில் ஒட்டிய அவனுடைய மரண அறிவிப்பு மழையில் வெளுத்து, மூக்கும் மீசையும் மட்டும் மிச்சம். மகன் ஸ்பெயினில். புது வீட்டுக்குள் அவள் ஒருத்தி, பாலிதீன் உறைகூடப் பிரிக்காத சோபாவின் நுனியில், கோட்டைக் கழற்றாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். பேருந்துக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருந்தாள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

தோங்கா அக்கா ஸ்டூலைப் போட்டாள், ஆப்பிள் சீவினாள், கேட்டாள்.

"தூக்கம் வருதாம்மா?"

வெனெத்தாவின் தலை மெல்ல இடமும் வலமும் அசைந்தது. தூக்கம் வருகிறது.

"எல்லாம் உங்க தப்புன்னு தோணுதா?"

தலை மேலும் கீழும் அசைந்தது. இல்லை.

"சாகணும்னு தோணுதா?"

மேலும் கீழும். இல்லை. அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லதும்மா" என்றாள்.

சாப்பாட்டில்தான் தகராறு. ரொட்டி வேண்டுமா என்றால், வேண்டாம் என்று தலையை அசைப்பாள். சூப் இன்னும் கொஞ்சம்? வேண்டாம். குளிருகிறதா, ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டால் அதற்கும் வேண்டாம். சாத்தாமல் வந்துவிடுவோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் போர்வைக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருப்பாள். "நல்ல அழுத்தக்காரி. செத்தாலும் வேணும்னு சொல்லமாட்டா" என்று நான் முணுமுணுத்தேன்.

மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கின. எழுந்து நடந்தாள், படுக்கையைத் தானே மடித்தாள். டாக்டர் மின்ச்செவ் சந்தோஷப்பட்டார். நல்ல மனிதர், பாவம், இரண்டு வார்டுக்கு அவர் ஒருவர்தான். சனி ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு வரட்டும், பழகிக்கொள்ளட்டும் என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மருந்து முதலில் கைகாலுக்குத்தான் பலம் தரும், மனதுக்கு அப்புறம்தான் வரும், நடுவில் இருக்கிற அந்த நாட்கள்தான் ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அதனால் டாக்டரும் அக்காவுமாக உட்கார்ந்து அவளிடம் மறுபடி கேட்டார்கள்.

"சாகற நெனப்பு ஏதாவது இருக்காம்மா?"

மேலும் கீழும்.

"வீட்டுல இருக்கும்போது அந்த மாதிரி வந்தா எங்களைக் கூப்பிடுவீங்களா?"

இடமும் வலமும். கூப்பிடுகிறேன்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரர் கார் கொண்டுவருவதாக ஏற்பாடு. அவள் வீட்டுத் தோட்டம் முடிகிற இடத்தில்தான் ஆறு தொடங்குகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா தன் வீட்டிலிருந்து லியுத்தெனித்சா ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். குடைமிளகாயும் தக்காளியும் சுட்டு அரைத்த விழுது. அதைத் தனக்கு மட்டும் என்று அரைக்க முடியாது, அண்டா நிறைய வந்துவிடும். அதனால் அவளுடையது எப்போதும் வார்டுக்குத்தான் வரும். ரொட்டியில் தடவி எல்லோருக்கும் கொடுத்தாள். வெனெத்தா தன் துண்டை முழுக்கத் தின்றாள். நான் பார்த்து அதிசயப்பட்டேன்.

"இன்னொரு துண்டு தரட்டுமா?" என்றாள் அக்கா.

வெனெத்தாவின் தலை மேலும் கீழும் போயிற்று. அக்கா பாட்டிலை மூடினாள். மூடியைத் திருகிக்கொண்டே திரும்பியவள் நின்றுவிட்டாள். வெனெத்தாவின் கை நீட்டியபடியே இருந்தது. உள்ளங்கை மேலே பார்த்து, ரொட்டிக்காக.

அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"உங்க பேரு வெனெத்தாவா?"

தலை மேலும் கீழும் அசைந்தது.

"பேரு கூட இல்லையாமே" என்று நான் சிரித்தேன். அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இது ஆஸ்பத்திரியா?"

மேலும் கீழும்.

"நான் ஆம்பளையா?"

இடமும் வலமும்.

அக்காவின் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இவள் ஆமாம் என்றதையெல்லாம் நாங்கள் இல்லை என்று படித்திருக்கிறோம்.

"அங்க நீங்க பாத்துக்கிட்ட அந்தப் பாட்டியம்மா," அக்கா மெதுவாகக் கேட்டாள், "உங்ககிட்ட எப்படிப் பேசுவாங்க?"

வெனெத்தா வாயைத் திறந்தாள். குரல் துருப்பிடித்து வந்தது.

"பேச்சு எங்க சிஸ்டர். அவங்களுக்குச் சுத்தமா காது கேக்காது. தலையாலதான் எல்லாம். அவங்க ஊரு வழக்கப்படி."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஒரு செவிட்டுக் கிழவி அதையும் மாற்றி அனுப்பியிருக்கிறாள்.

அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள். "வெனெத்தா, தலையை ஆட்டாதீங்க. வாயால சொல்லுங்க. சாகணும்னு தோணுதா?"

"ஆமா."

"நாளைக்கு வீட்டுக்குப் போனா?"

"திரும்பி வரமாட்டேன் சிஸ்டர்." ரொட்டி வேண்டாம் என்பது போல அமைதியாகச் சொன்னாள். "வந்த நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டுதானே இருக்கேன். நீங்கதான் நல்லதும்மா, நல்லதும்மான்னு கையைத் தட்டிக் குடுத்தீங்க."

அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை.

எனக்குத்தான் தாங்கவில்லை. "ரொட்டி கேட்டியேம்மா, குடுக்கலையே நாங்க. ஏன்னு ஒரு வார்த்தை சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

வெனெத்தா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குக் குடுக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன். சரிதான்னு இருந்துட்டேன். புருஷன் சாகும்போது நான் வேற ஒரு வீட்டுல சோறு ஊட்டிக்கிட்டிருந்தவதானே."

அந்த நோய் அப்படித்தான். பட்டினி போட்டால், நியாயம்தான் என்று ஒத்துக்கொள்ள வைக்கும். எனக்கு அந்த நோயின் மேல் வந்த கோபம் எந்த மனிதர் மேலும் வந்ததில்லை.

டாக்டரிடம் அக்காவே போய்ச் சொன்னாள். அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போவது நின்றது. கட்டில் நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் வந்தது. பகலோ இரவோ, எங்களில் யாராவது ஒருவர் அவளைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டே இருந்தோம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு. ஜன்னலைச் சாத்தினோம். ரொட்டி இரண்டு துண்டு வைத்தோம். அக்கா அவள் தலையை வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துவட்டி, பின்னிவிட்டாள். மறுபடி முதலிலிருந்து எல்லாக் கேள்வியும் கேட்டாள். தூக்கம் வருதா? இல்ல. எல்லாம் உங்க தப்பா? ஆமா. ஒவ்வொரு பதிலுக்கும் அக்கா காத்திருந்தாள். சில பதில்கள் ஆப்பிள் முழுவதும் சீவி முடித்த பிறகுதான் வந்தன. "வாயால சொல்லுங்க" என்பது வார்டிலேயே பழமொழி ஆகிவிட்டது. நான் யாரிடமாவது டீ வேண்டுமா என்றால்கூட மற்றவர்கள் கோரஸாக, வாயால சொல்லுங்க என்பார்கள்.

குளிர்காலம் முழுவதும் இழுத்தது. ஒரு நாள் நன்றாக இருப்பாள், மூன்று நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். ஒரு நாள் சூப்பில் உப்பு இல்லை என்று சலித்துக்கொண்டாள். அக்கா சமையலறையில் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தபோது, பரிசு வாங்கியவள் மாதிரி வந்தாள். மகன் ஸ்பெயினிலிருந்து வந்து கொஞ்ச நாள் இருந்தான். பனி உருகிய பிறகு, சாகும் எண்ணம் இப்போது இல்லை, வந்தால் கூப்பிடுவேன் என்று வாயால் சொல்லிவிட்டு வெனெத்தா வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டுக்கு வருவாள். கையில் சீஸ் வைத்துச் சுட்ட பனித்சா, துணியில் சுற்றி, சூடாக. சோபாவின் உறையைப் பிரித்துவிட்டதாகச் சொன்னாள். உறையோடு உட்கார்ந்தால் வழுக்குகிறதாம்.

ஈஸ்டர் அன்றும் வந்தாள். வழக்கம் போல அக்காதான் டியூட்டி. எனக்குப் பதிலாக இன்னொருத்தி வர நேரமாகியதால் நானும் இருந்தேன். ஈஸ்டருக்கென்று சிவப்புச் சாயம் போட்டு அவித்த முட்டைகளை ஒன்றோடொன்று மோதி உடைத்துத் தின்றோம். அக்கா நின்றுகொண்டே தின்றாள்.

வெனெத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பால் வேண்டுமா என்பது போலக் கேட்டாள்.

"நீங்க தூங்கறீங்களா சிஸ்டர்?"

அக்கா ஆமாம் என்று தலையை இடமும் வலமும் ஆட்டியபடியே கோப்பைகளை எடுக்கக் குனிந்தாள். வெனெத்தா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தலை வேணாம். வாயால சொல்லுங்க."

நான் ஏதோ சொல்லிச் சிரிக்க வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவள் கையில் இருந்த கோப்பை மேஜைக்குத் திரும்பிப் போனது.

"இல்ல" என்றாள் தோங்கா அக்கா. "ரொம்ப வருஷமா இல்ல."

வெனெத்தா ஸ்டூலை இழுத்து அக்காவின் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துச் சீவத் தொடங்கினாள்.