கயிற்றின் மறுமுனையில் யோகண்ணை

யோகண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா கொலோன் நகரிலிருந்து அழைத்தபோது நான் விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "ஜெரோம், அவர் போயிட்டார்" என்றார். மருத்துவமனையில், நித்திரையிலேயே உயிர் பிரிந்ததாம். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, நிம்மதி. விழித்திருந்திருந்தால் மனிதர் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அழுகை பிறகுதான் வந்தது.

யோகநாதன் என்பது அவருடைய முழுப்பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர். ஜெர்மனியின் தெற்கில், ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு விடுதியில் நாங்கள் பல குளிர்காலங்கள் சேர்ந்து வேலை செய்தோம். நான் சமையல். அவர் பாத்திரங்கள், சலவை, சாமான் ஏற்றி இறக்குவது. பனி விழுந்துவிட்டால் அங்கே கார் ஏறாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டையும் பின்னால் பட்டைச் சில்லும் வைத்த மோட்டார் ஷ்லிட்டன் என்ற பனிவண்டியில்தான் எல்லாம் மேலே வர வேண்டும்.

பயப்படுவதில் அவருக்கு நிகர் அவரேதான். காஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போவார். அரச அலுவலகத்தில் ஒரு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருந்தால் முதல்நாளிரவே கடதாசிகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவார். நான் வாய் ஓயாமல் கிண்டல் செய்வேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "ஓம் ஜெரோம், நான் பயந்தாங்கொள்ளிதான். அதை மறைக்கிறதுக்கும் எனக்குப் பயம்" என்பார்.

ஆனால் அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் மலைமீட்புப் படையின் ஹெலிகொப்டர் ஒன்று எங்கள் கூரைக்கு மேலாகத் தாழப் பறந்தது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சமையலறை மேசைக்குக் கீழே பாய்ந்தேன். அங்கே யோகண்ணை ஏற்கெனவே குந்தியிருந்தார். "தள்ளி இரும், இடமிருக்கு" என்றார். விடுதியின் முதலாளி பிரிகிட்டே உள்ளே வந்து, வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் மேசைக்கடியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். ஊரில் போர்க்காலத்தில் அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதை நாங்கள் அவருக்கு விளக்கவும் இல்லை. அன்றிலிருந்துதான் நானும் யோகண்ணையும் சிநேகிதர்கள்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத என்னால் ஏலாது.

மேலே பூட்டிக் கிடந்த மேய்ச்சல் குடிலிலிருந்து காஸ் சிலிண்டர்களை எடுத்துவர நான் தனியாக ஷ்லிட்டனில் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு கருகல் மணம் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது. என்ன செய்தும் உயிர் வரவில்லை. பனி கொட்டத் தொடங்கியிருந்தது, வெளிச்சமும் குறைந்துகொண்டே வந்தது. பிரிகிட்டே பள்ளத்தாக்கில் இருந்தார். விடுதியில் யோகண்ணை மட்டும்தான். அவருக்குத்தான் அழைத்தேன்.

அந்தப் பாதை பக்கமே அவர் வந்ததில்லை. இடையில் ஓரிடத்தில் பாதை செங்குத்தான சரிவைக் குறுக்கே வெட்டிப் போகும். கீழே ஓடையின் பள்ளம், அடி தெரியாது. பழைய ஷ்லிட்டனில் அவர் வந்து சேர்ந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

"பள்ளத்தடியில கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தனான்" என்றார்.

"கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓடேலாது அண்ணை."

"தெரியும். அதை நினைக்கத்தான் இப்ப இன்னும் நடுங்குது. இதை விட்டிட்டு ஏறும், போவம்."

எனக்கும் அதுதான் விருப்பம். பிரிகிட்டேயிடம் தொலைபேசியில் சொன்னோம். இரவில் பனியைச் சமப்படுத்தும் பெரிய இயந்திரம் அந்தப் பாதையால் வரும், சாரதியின் தொலைபேசி கிடைக்கவில்லை, கொட்டும் பனியில் அவருக்கு ஷ்லிட்டன் தெரியாது, காட்டின் விளிம்புவரையாவது இழுத்துவிடுங்கள் என்றார். யோகண்ணை "யா, யா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்ததும் தமிழில் நல்ல வார்த்தைகள் நாலு சொன்னார்.

சிலிண்டர்களைப் பாதையோரம் இறக்கினோம். பட்டைச் சில்லு தடையில்லாமல் உருள, எஞ்சினின் பெல்ட்டைக் கழற்றினேன். பழுதானதன் சறுக்குக் கட்டைகள் இரண்டிலும் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பழைய ஷ்லிட்டனின் பின்புறத்தில் மாட்டினோம். இழுபடும் வண்டியில் ஒருவர் இருந்து திருப்ப வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் அது முன்னால் போகிறவரின் முதுகில் ஏறிவிடும்.

"நீர் முன் வண்டியை ஓடும். நான் பின்னால இருந்து உம்மட முதுகை மட்டும் பாக்கிறன். பள்ளத்தைப் பாக்க என்னால ஏலாது."

நான் சட்டைப்பைக்குள்ளிருந்த கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினேன். "இதைக் கையில வைச்சிருங்கோ. நான் கீழ போனால் கயித்தை வெட்டுங்கோ. ரெண்டு பேரும் போகத் தேவையில்லை."

"என்ன கதை கதைக்கிறீர்!" என்று கத்தினார். ஆனால் வாங்கிக்கொண்டார். பிறகு, "மடுமாதாவிட்ட ஒருக்காச் சொல்லும். நான் முருகனிட்டச் சொல்லிப்போட்டன்" என்றார்.

ஊர்ந்தோம். இறங்க இறங்கப் பனி கூடியது. சரிவை அடைந்தோம். எஞ்சின் சத்தத்தில் அவருடைய குரல் கேட்கவில்லை. கயிறு இழுபடுவதை வைத்துத்தான் அவர் பின்னால் இருக்கிறார் என்று தெரிந்தது.

பாதையின் விளிம்பு சத்தமில்லாமல் உடைந்தது. என் வலதுபக்கக் கட்டை காற்றில் நின்றது. வண்டி முழுவதும் பள்ளத்தின் பக்கம் சரிந்து வழுக்கத் தொடங்கியது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. இப்போது வெட்டுவார், வெட்டத்தான் வேண்டும் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது. கயிறு விண்ணென்று இறுகியது. வண்டி இன்னும் கொஞ்சம் போய், நின்றது.

மேலே "முருகா, முருகா, ஐயோ மாதாவே" என்ற ஒரே ஓலம். நான் கயிற்றைப் பிடித்து உடம்பால் ஊர்ந்து பாதைக்கு ஏறினேன். யோகண்ணை கால்களைப் பனியில் ஊன்றி, பிரேக்கை நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர். நான் ஏறி வந்து தோளைத் தொட்ட பிறகும் அவரால் விரல்களை விரிக்க முடியவில்லை. நான்தான் விரித்துவிட்டேன். பிறகு கைகளால் பனியைத் தோண்டி, இழுத்து, நெம்பி, வண்டியைப் பாதைக்குக் கொண்டுவந்தோம். காட்டின் விளிம்புவரை இழுத்துவிட்டோம்.

அங்கே கயிற்று முடிச்சு இறுகிக் கிடந்தது. "கத்தியைத் தாங்கோ அண்ணை" என்றேன்.

"இல்லை."

"விழுந்திட்டுதோ?"

"வெளிக்கிடேக்கையே எறிஞ்சுபோட்டன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "கையில இருந்திருந்தா வெட்டியிருப்பன், ஜெரோம். எனக்கு என்னைத் தெரியும்."

அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் பிறகு ஒருநாளும் அதைப்பற்றிப் பேசவில்லை, பேசவிடவும் இல்லை.

முழங்கால் ஏலாமல் போனதும் அவர் மகள் இருக்கும் கொலோனுக்குப் போய்விட்டார். நுரையீரல் நோய் முற்றியபோது மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்து, "பயமாக் கிடக்கு ஜெரோம்" என்றார். "வாறவை எல்லாரும் பயப்பிடாதேங்கோ எண்டீனம். நீர் சொல்லாதையும்."

"நான் சொல்லேல்லை. எனக்கும் பயமாத்தான் கிடக்கு அண்ணை."

"அப்ப சரி" என்று கண்களை மூடிக்கொண்டார்.

இறுதிநிகழ்வில் ஊர்ச்சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். அமரர் அஞ்சா நெஞ்சம் படைத்தவராம், பயம் என்பதையே அறியாதவராம். ரஞ்சி அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கோ கோபம் வந்துவிட்டது. என்னை யாரும் பேச அழைக்கவில்லை, ஆனாலும் எழுந்து போய் ஒலிவாங்கியின் முன் நின்றேன். "யோகண்ணை எல்லாத்துக்கும் பயப்பிடுவார்" என்றேன். "நான் உயிரோட நிக்கிறன்." அவ்வளவுதான் சொல்லிவிட்டு என் இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

பெட்டியை மூடுமுன் எல்லோரும் வரிசையாகப் பூப்போட்டார்கள். என் முறை வந்தபோது குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "போயிட்டு வாங்கோ அண்ணை. பயமெண்டால் சத்தமாச் சொல்லுங்கோ. அங்கையும் ஆராவது தள்ளியிருந்து இடம் தருவினம்."