எபேசுத் துறைமுகத்தின் வாய்

ஒஸ்லோ நகரின் ரொம்மன் பகுதியில் குடியிருக்கும் வின்சென்றுக்கு, தான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். மன்னார் பேசாலையிலிருந்து நோர்வேக்கு வந்து கனகாலமாக பஸ் ஓட்டுகிறார். பயணிகளுக்கெல்லாம் நல்ல மனுசன். வீட்டுக்குள் மட்டும் மகாராசா.

மகள் ஜெனுஷா, அபிசன் என்ற சைவப் பெடியனை விரும்பினாள். வந்தது வினை. "கோயிலிலை மூண்டு ஞாயிறு ஓலை வாசிச்சு, சபையறியத்தான் கலியாணம். அவன் முதல்ல ஞானஸ்நானம் எடுக்கட்டும்" என்றார். அபிசன் யோசிக்கிறேன் என்றதும், தாய் தகப்பனும் சேர்ந்து எடுக்கவேண்டும் என்றார். அதுவரை அவன் வாசல் மிதிக்கக்கூடாது என்றார். கடைசியில் மகளோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். அவள் பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் அறை எடுத்துப் போனாள். வீட்டில் சண்டை ஓய்ந்தது. பிள்ளை வழிக்கு வருகிறாள் என்று இவர் நினைத்துக்கொண்டார். நினைப்புத்தானே பிழைப்பைக் கெடுக்கும்!

அந்த வசந்தத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் சிலர் துருக்கியிலுள்ள எபேசுக்கு யாத்திரை போக ஆயத்தமானார்கள். அந்த ஊரின் வரலாற்றைச் சொல்லும் பொறுப்பை வின்சென்ற் தானாகவே வாங்கிக்கொண்டார். ஸ்டோவ்னரில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் கம்பீரமாகத்தான் தொடங்கினார். கிரேக்கர் கட்டின பட்டினம், கப்பல் நிறைந்த துறைமுகம், ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்.

"அத்தாலு எண்ட அரசன் துறைமுக வாயை ஒடுக்கிக் கட்டச் சொன்னான். ஒடுக்கினால் உள்ளுக்கை ஆழம் கூடுமெண்டு நினைச்சான். முந்தி அலை வந்து வந்து சேற்றை வெளியிலை இழுத்துக்கொண்டு போகும். ஒடுக்கினாப் பிறகு சேறெல்லாம் உள்ளுக்கையே தங்கிட்டுது. இண்டைக்குக் கடல் எங்கையோ தள்ளிப் போயிட்டுது."

முன்வரிசையில் இருந்த மரியமலர் கேட்டாள்: "அரசனுக்கு ஒருத்தரும் எடுத்துச் சொல்லேல்லையோ, அண்ணை?"

என் வீட்டுக் கதையை நானே சபையில் சொல்லிவிட்டேனே என்று வின்சென்றுக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார். மனைவி அனஸ்ரேசியா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"ஓலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பிள்ளையை, அந்தப் பெடியனையும் கூட்டிக்கொண்டு வீட்டை வரச்சொல்லப் போறன்" என்று போனை எடுத்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் பொறுங்கோ. போன வெள்ளிக்கிழமை நகரசபையிலை அவையின்ரை கலியாணம் முடிஞ்சுது."

"உனக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் சாட்சிக் கையெழுத்து வைச்சனான்." அவள் அழத் தொடங்கினாள். "உங்களையும் கூப்பிடட்டோ எண்டு பிள்ளை கேட்டவள். நீங்கள் வந்து குழப்பிப்போடுவியள் எண்டு பயந்து, வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்."