மேரி தைக்காத பாக்கெட்

வைட்ஃபீல்ட் ஆபீஸ் டிசைன் மேடம், எங்கள் மேரியின் சட்டையைக் கெடுத்தது நீங்கள்தான்.

நான் உங்கள் கம்பெனியின் ஹெப்பகோடி கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கராக இருந்து ரிட்டையர் ஆனவள். அந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களும் இதைப் படிக்கட்டும். லைனில் ஒருத்தி காலர் மட்டும் தைப்பாள், ஒருத்தி கை மட்டும். முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை. கடைசியில் என் மேஜைக்கு வரும். குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி பிரித்துத் தைக்க ஆல்டருக்குத் திருப்புவேன்.

1. சாக்பீஸ் குறி

கே.ஜி.எஃப்பிலிருந்து ரயிலில் வந்துபோன மேரி, பாக்கெட் ஆபரேட்டர். காய்ச்சலில் செத்துப்போனாள். லைன் பெண்கள் அவளுக்காக ஒரு சட்டை தைத்தார்கள். மெஷினைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கையாலேயே தைத்தார்கள். முன்பக்கம் மேரியின் புடவை. அவள் அக்கா ஸ்டெல்லா கொடுத்தது. மற்றதெல்லாம் அவரவர் பழைய புடவை. ஒவ்வொருத்தியும் தன் ஆபரேஷனை, லைனில் தான் தைக்கும் பாகத்தை மட்டும் முடித்து அடுத்தவளிடம் நீட்டினாள்.

என்னிடம் வந்தபோது பாக்கெட் இல்லை. பழக்கத்தில், ஒட்டுவதற்குச் சிவப்பு ஸ்டிக்கரை உரித்துவிட்டேன்.

"அது மேரி வேலை அக்கா," என்றாள் காலர் தைக்கும் லட்சுமி. "அவ சீட்ல நாங்க எப்படி உட்கார்றது?"

பாக்கெட் வைக்கப் போடும் சாக்பீஸ் குறி அழியாமலிருக்க, அதன் மேலேயே வெள்ளை நூல் ஓட்டியிருந்தார்கள். காலமெல்லாம் சட்டை பார்த்த கண் இது. அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. கன்னடத்தில் 'பேக பேக', சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டும் சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சட்டையை வாங்க வந்த ஸ்டெல்லா அந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

2. வைட்ஃபீல்ட்

ஆபீஸ் கண்காட்சியில் வைக்க அந்தச் சட்டை வேண்டுமென்று அங்கிருந்து கேட்டார்கள். ஸ்டெல்லா நம்பிக் கொடுத்தாள். பார்க்கப் போனோம். சட்டையில் புதுப் பாக்கெட், மெஷின் தையல்.

"இன்கம்ப்ளீட்டா இருந்துச்சும்மா. நீட்டா ஃபினிஷ் பண்ணிட்டோம்," என்று சிரித்தீர்கள்.

ஸ்டெல்லா கேட்டாள்: "என் தங்கச்சி எங்க மேடம்?"

நீங்கள் போனை எடுத்துப் பார்த்தீர்கள்.

அந்தப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தோம். வெள்ளை நூலும் கூடவே அறுந்து வந்தது. பழைய புடவை, கிழிந்தும் போனது.

பெண்களே, ஸ்டிக்கர் ஒட்டும் முன் தைத்தவளைக் கேளுங்கள். எனக்கு லட்சுமி சொல்லித் தெரிந்தது. இந்த மேடம் யாரையும் கேட்கவில்லை.

மேடம், ஹெச்.ஆர். மூலம் ஸாரி மெயில் வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் கேன்டீனுக்கு வாருங்கள். மைக்கைப் பிடித்து, எல்லா லைனும் கேட்க, ஸ்டெல்லா கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.